நடுவுல நாலு பக்கம்

வரிசை நகரவே இல்ல. நகராததுக்கு எவன்டா வரிசைன்னு பேரு வச்சான்னு வடிவு மனசுக்குள்ள கேட்டா, கேட்டுட்டு முன்னாடி நிக்கிற மண்டைகள எண்ணுனா, இருபத்தி மூணு. எண்ணியிருக்கக் கூடாது. எண்ணக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் எண்ணுவா. படியேறுனா படி, பஸ்ஸுல உக்காந்தா ஜன்னல் கம்பி, சட்டக் கல்லூரியில வாத்தியாரு பாடம் எடுத்தா அவரு எத்தன தடவ 'ஆக'ன்னு சொல்றாருங்கறது. அறுபதுகிட்ட வரும்போது நாக்கு வறண்டுரும், அதுக்கு முன்னாடியே நிறுத்திருவா. இருபத்தி மூணு பரவால்ல. இருபத்தி மூணால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. தமுக்கம் மைதானத்துல போட்ட புத்தகக் காட்சிப் பந்தலு, மேல தகரம், மூணே முக்கா மணி வெயிலு தகரத்து வழியா இறங்கி எல்லாரு கழுத்துலயும் வேர்வையா வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மைக்குல ஒரு பொம்பள, மஞ்சச் சட்ட போட்ட கொழந்த அம்மாவத் தேடுதுன்னு நாலாவது தடவயா சொன்னா. வரிசையோட அந்தக் கோடியில, நீலத்துணி விரிச்ச மேசைக்குப் பின்னாடி, பிளாஸ்டிக் சேர்ல திருமேனி உக்காந்திருந்தாரு. நிழல்வேங்கை சித்திரக்கதைய எழுதுன திருமேனி. வெள்ள முடி, தடிச்ச கண்ணாடி, கழுத்துல யாரோ போட்டுவிட்ட கதர்த்துண்டு. ஒவ்வொரு புஸ்தகத்துலயும் பேரு கேட்டு, எழுத்துக்கூட்டி, கோழி கிளறுற மாதிரி கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாரு. இவ்வளவு சின்ன ஆளா இருப்பாருன்னு வடிவு நெனக்கல. பதிமூணு வருஷமா அவ மனசுக்குள்ள கோர்ட்டுக் கூண்டுல ஏத்தி நிறுத்தி வச்சிருந்த ஆளு ஆறடிக்குக் கொறையாம இருந்தான். அவன்கிட்டக் கேக்கவேண்டியத எல்லாம் அவ பஸ்ஸுல வரும்போதே வரிசப்படுத்தி வச்சிட்டா. சார், உங்களுக்கு எங்க ஊரு வத்திராயிருப்பு தெரியுமா? சார், பதினொரு வயசுப் பையனுக்கு மூச்ச அடக்கச் சொல்லிக்குடுக்குறதுக்கு உங்களுக்கு யாரு சார் அதிகாரம் குடுத்தா? சார், எங்கண்ணன் பேரு மாரீஸ்வரன்.

முன்னாடி நின்ன ஆளு திரும்பிப் பாத்தாரு. திண்டுக்கல்லாம், பேங்குல வேலையாம், இதெல்லாம் அவ கேக்காமலே வந்த தகவலு. தோள்ல ஒரு துணிப்பை, அதுக்குள்ள பாலித்தீன் கவரு போட்ட பழைய புஸ்தகங்க, கொழந்தையத் தூக்குற மாதிரி அணைச்சுக்கிட்டு நின்னாரு. "என்னம்மா, நீயும் நிழல்வேங்கை ரசிகையா? பொம்பளப் புள்ளைக வர்றது அபூர்வம்." "ஏன், பொம்பளப் புள்ளைகளுக்குக் கண்ணு கிடையாதா?"ன்னு வடிவு கேட்டா. அவரு சிரிச்சுட்டாரு, கோவிச்சுக்கல, அதுவே அவளுக்கு எரிச்சலா இருந்துச்சு. சண்டைக்கு வராத ஆளுகள வச்சுக்கிட்டு அவ என்ன பண்ண முடியும். "இல்லம்மா, சந்தோசத்துலதான் சொல்றேன். எந்தப் பாடம் புடிக்கும்? எனக்கு மூணாவது. கண்ணக் கட்டிக்கிட்டு எலுமிச்சம்பழம் புடிக்கிறது. நான் பழகி மூக்கு ஒடஞ்சு, எங்கப்பா கிட்டயும் வாங்குனேன்." ஏழு பாடம், பாடத்துக்கு ஒரு புஸ்தகம். ஒண்ணாவது, பனங்கட்டை மேல ஒத்தக்காலு. ரெண்டாவது, மழையில நனையாம சிலம்பம் சுத்துறது. மூணு எலுமிச்சம்பழம். அவளுக்கு எல்லாம் மனப்பாடம், ஆனா அந்த ஆளுகிட்ட ஏழாவதுன்னு சொல்ல வாய் வரல. "எனக்கு எதுவும் புடிக்காது"ன்னா. "புடிக்காததுக்கா இம்புட்டு நேரம் நிக்கிற?" "ஆமா. கேஸு போட வந்திருக்கேன்." அவரு அதுக்கும் சிரிச்சாரு. அவ கையில இன்னிக்குத்தான் வாங்குன மறுபதிப்பு இருந்துச்சு, முப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் மொதத் தடவயா வந்திருக்குற முழுத்தொகுப்பு, கண்ணாடித்தாளுல இறுக்கிச் சுத்துனது. புஸ்தகம் வாங்குனாத்தான் வரிசையில நிக்க விடுவோம்னு ஸ்டால்காரன் சொல்லிட்டான். அந்தக் கண்ணாடித்தாள அவ இன்னும் பிரிக்கல. தோள்ல தொங்குற பைக்குள்ள, அரிசிப்பைய வெட்டி அம்மா தச்ச உறைக்குள்ள, பழசு இருந்துச்சு. அட்டையில்லாத, முனையெல்லாம் வெத்தலை மாதிரி சுருண்டுபோன பழசு. இதத் தூக்கி அந்த நீலத்துணி மேல போடணும். போட்டுட்டுப் பேசணும். அம்புட்டுத்தான் திட்டம்.

அந்தப் பழச அண்ணன் மாரீசுதான் வத்திராயிருப்பு பழைய பேப்பர் கடையில, எடைக்குப் போட்ட பள்ளிக்கூடப் பரீட்சைத்தாளுக்கு நடுவுல கண்டுபுடிச்சான். ஏழாம் பாடம், முன்னாடி ஆறும் முன்கதைச் சுருக்கமா மொதப் பக்கத்துலயே இருந்துச்சு. கண்டுபுடிச்ச அன்னிக்கு ரெண்டு பேரும் மொட்டைமாடியில தண்ணித்தொட்டி நெழல்ல குப்புறப் படுத்துக்கிட்டுப் படிச்சாங்க. அவன் படத்தப் பாப்பான், அவ எழுத்த வாசிப்பா, அவனுக்கு எழுத்து கொஞ்சம் மெதுவாத்தான் வரும், ரெண்டு வயசு எளையவ அவ, ஆனா வாய் நீளம். அதனாலதான் அவ ஆசான், கதையில வேங்கைக்குப் பாடம் சொல்லிக்குடுக்குற ஆளு. வீட்டுல நிழல்வேங்கை வெளையாட்டு ஆரம்பிச்சப்போ யாரு வேங்கை யாரு ஆசான்னு சண்டையே வரல. வேங்கைக்குத் தேவ ஒடம்பு, அது அவன்கிட்ட இருந்துச்சு. ஆசானுக்குத் தேவ அதிகாரம், அது இவகிட்ட இருந்துச்சு. ஆசானுக்கு மூஞ்சி கெடையாது. படத்துல எங்கயும் அவன் மூஞ்சியக் காட்டமாட்டாங்க, கறுப்பு முக்காடு, அதுக்குள்ள இருட்டு, இருட்டுக்குள்ள இருந்து பேச்சு வரும். யாரு, எந்த ஊரு, ஏன் சொல்லிக்குடுக்குறான், ஒண்ணும் தெரியாது. அப்பா சபரிமலைக்குக் கட்டுன கறுப்பு வேட்டிய எடுத்து அவ தலையில போட்டுக்குவா, சூடம் வாசனையும் வேர்வை வாசனையும் சேந்து உள்ள மூச்சு முட்டும், அந்த மூச்சு முட்டலே ஒரு பெரிய மனுசத்தனமா இருக்கும். "சீடா!" "ஆசானே!" "ஒரு காலைத் தூக்கு!" தூக்குவான். பக்கத்து வீட்டு அக்கா கூட எட்டிப் பாத்துட்டு, "ஏய் வடிவு, அண்ணன இந்த வேல வாங்குறியே, கட்டிக்கிட்டுப் போறவன் பாவம்டி"ன்னு சொல்லுவா. ஒரே ஒரு சட்டம். கதையிலயே உள்ள சட்டம். ஆசான் போதும்னு சொல்ற வரைக்கும் சீடன் நிறுத்தக்கூடாது. மாரீசு நிறுத்தவே மாட்டான். பனங்கட்டைக்குப் பதிலா அம்மிக்கல்லு மேல ஒத்தக்கால்ல நின்னு, முட்டி நடுங்கி, கண்ணுல தண்ணி வந்து, அப்பவும் அவ வாயத்தான் பாத்துக்கிட்டு நிப்பான். அந்தப் பார்வை. உலகத்துல வேற யாருமே அவள அப்படிப் பாத்ததில்ல. அப்பா அவள வாயாடின்னுதான் பாப்பாரு, டீச்சருக அடங்காப்பிடாரின்னு பாப்பாங்க. இவன் மட்டும் அவ வாயில இருந்து ஒரு சொல்லு விழாதான்னு பாத்தான். அத இன்னுங் கொஞ்சம் நேரம் பாக்கணும்னு அவளுக்கு இருந்துச்சு. இன்னுங் கொஞ்சம். இருந்துச்சுதானே? கொழந்ததான, ஒம்பது வயசு. ஒம்பது வயசுக்காரிய எந்தக் கோர்ட்டும் தண்டிக்க முடியாது, ஏழு வயசுக்கு மேல பன்னெண்டுக்குள்ளன்னா புத்தி முதிர்ச்சியப் பாப்பாங்க, அந்த செக்ஷன நடத்துன அன்னிக்கு அவ வகுப்பவிட்டு வெளிய போயி தண்ணிக்குழாயத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னா. புத்தி முதிர்ச்சி அவளுக்கு நல்லாவே இருந்துச்சு.

வரிசை ரெண்டு அடி நகந்துச்சு. திண்டுக்கல்காரரு தன் பையில இருந்து ஒரு புஸ்தகத்த உருவி, கவரோட, அவ மூஞ்சிக்கு நேரா காட்டுனாரு. "இது ஒரிஜினலு. எண்பத்தொம்பதுல வந்தது. ஏழாம் பாடம். நடுத்தாளோட இருக்கு, பாத்துக்க." என்ன நடுத்தாளுன்னு அவ கேட்டிருக்கவே வேண்டாம், அவரு சொல்லாம விட்டிருக்க மாட்டாரு. "ரெண்டே ரெண்டு பின்னும்மா. முதுகுல அடிச்சிருப்பான். மடிச்சு மடிச்சுப் படிக்கப் படிக்க நடுவுல இருக்குற தாளுதான் மொதல்ல கழண்டு விழும். ஒரு தாளு போனா நாலு பக்கம் போச்சு. ஊருல இருக்குற பாதிக் காப்பில அது இருக்காது. பதினாலுக்கு அப்புறம் நேரா பத்தொம்பது." தெரியும். அந்தப் பதினாலும் பத்தொம்பதும் அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த ஆளுக்குத் தெரியாது. பதினாலாம் பக்கத்துக் கடைசிக் கட்டத்துல ஆசான் சொல்லுவான், 'மூச்சை அடக்கி நீருக்குள் அமர்ந்திரு. என் சொல் வரும்வரை எழாதே!' வேங்கை முங்குவான், மேல வட்டம் வட்டமா தண்ணி. அந்தப் பக்கம் திருப்புனா பத்தொம்பது. வேங்கை கரையில நிக்கிறான், ஒடம்பெல்லாம் தண்ணி சொட்டுது, கண்ணு மின்னுது, ஆசான் முதுகக் காட்டிக்கிட்டு ரெண்டு கல்லுக்குப் பூ வச்சுக்கிட்டு இருக்கான். 'ஏழாம் பாடமும் முடிந்தது.' நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அந்த நாலு பக்கத்த ரெண்டு பேரும் நாளுக்கொரு மாதிரி கட்டுனாங்க. ஒரு நாளு முதலை வந்துச்சு. ஒரு நாளு வில்லன் ஈட்டி எறிஞ்சான். எது வந்தாலும் வேங்கை அசையமாட்டான், கடைசியில ஆசான் நூறு எண்ணி முடிச்சுப் போதும்னு சொல்லுவான், நூறுங்கறது மாரீசு வச்ச கணக்கு. அந்த ரெண்டு கல்லு சாமிக்கல்லுன்னு முடிவு பண்ணி, தோட்டத்து பம்புசெட்டு தொட்டிக்குப் பக்கத்துலயும் ரெண்டு கல்ல நட்டு, ஒவ்வொரு தடவயும் அரளிப்பூ வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் அவன் எறங்குவான். "சாமி காப்பாத்தும்ல ஆசானே?" "பேசாமல் இறங்கு சீடா!"

மூணு ஃபேஸு கரண்டு, மோட்டரு ஓடுறதுக்கு வேண்டியது. அவ நெனப்பு அங்கதான் எப்பவும் வந்து முட்டும். தோட்டத்துக்குக் கரண்டு நேரம் வச்சுத்தான் வரும், அன்னிக்குக் காலையில இல்ல, மோட்டரு சும்மா கெடந்துச்சு, தொட்டித் தண்ணி பச்சையா, அசையாம, அவனோட முதுகெலும்பு ஒவ்வொண்ணும் தெரிஞ்சுச்சு. கீழ இருந்த பைப்ப ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டான், மேல மெதக்காம இருக்கறதுக்கு. அவ தொட்டிச் செவத்து மேல உக்காந்து முக்காட்டுக்குள்ள எண்ணுனா. நாப்பது வரைக்கும் அவன் போன தடவ போயிருக்கான். அம்பது. குமிழி வந்துச்சு, சின்னச் சின்னதா, பாசிமணி மாதிரி. அம்பத்தஞ்சு. சொல்லிருவோமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்துச்சு, அது பொய்யில்ல. ஜெயிச்சிருவான் போலயே, என் சீடன் நூறு இருப்பான் போலயேன்னு இன்னொரு நெனப்பு அத அமுக்கிருச்சு. அறுபது. அறுபத்தி ஒண்ணு. அப்போ கரண்டு வந்துச்சு. ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டரு, தானா கிளம்புற மோட்டரு. மேல் பைப்புல இருந்து ஒரு உறுமலு, காத்தும் தண்ணியுமாத் துப்பி, அப்புறம் முழுசா வந்து தொட்டியில விழுந்துச்சு, வெள்ளையா நொர, முதுகும் தெரியல குமிழியும் தெரியல. எண்ணிக்க விட்டுப்போச்சு. அறுபத்தி எட்டா, அம்பத்தி எட்டா. ஆசானுக்கு எண்ணிக்க விட்டுப்போகலாமா? ஆசான் தப்பு பண்ணலாமா? நூறுன்னா நூறு, சரியா நூறு, இல்லேன்னா அவன் எந்திரிச்சு, நீ ஏமாத்திட்ட, கொறச்சு எண்ணிட்டன்னு சண்டைக்கு வருவான். அதனால அவ பின்னாடி போனா. அம்பத்தி ஒண்ணுல இருந்து மறுபடி ஆரம்பிச்சா. அம்பத்தி ஒண்ணு. அம்பத்தி ரெண்டு. நிதானமா. தப்பில்லாம. நூறு. போதும். போதும் சீடா. மோட்டரு சத்தத்துல கேக்கலையோன்னு வேட்டியத் தூக்கி எறிஞ்சுட்டு, அண்ணே போதும், அண்ணே, அண்ணே. தென்னை ஏற வந்த ஆளு ஓடிவந்து முங்கி அவன் கையப் பிரிக்கவேண்டி இருந்துச்சு, பைப்புல இருந்து, விரலு விரலா. அம்புட்டு இறுக்கம். ஆஸ்பத்திரியில கேட்டாங்க, அம்மா கேட்டா, போலீஸ்காரரு ஒருத்தரு கூட குனிஞ்சு கேட்டாரு, எம்புட்டு நேரம் பாப்பா? அம்பது எண்ணுனேன்னா. அம்பதுதான். இன்னிக்கு வரைக்கும் அம்பது. மூளைக்குக் காத்து போகலைன்னாங்க. உயிரு தப்புனதே பெருசுன்னாங்க. இருபத்தி நாலு வயசு ஆகுது, மீசை மொளச்சிருக்கு, அம்மா சவரம் பண்ணி விடுறா, இன்னும் பதினொரு வயசுலயே உக்காந்திருக்கான். பதினாலாம் பக்கத்துலயே.

"முன்னாடி போம்மா"ன்னு பின்னாடி ஒரு குரலு. பத்துப் பேருதான் இருந்தாங்க. மணி நாலு அஞ்சு. நாலரைக்கு அம்மா போன் பண்ணுவா. தெனமும் பண்ணுவா, பரீட்சையா இருந்தாலும், மழையா இருந்தாலும். மாரீசு குளிக்க உக்காந்தா வாளிக்குள்ள மூஞ்சிய முக்குவான், ஆசான் சொல்லாம எடுக்கமாட்டான். அம்மா சொன்னாக் கேக்கமாட்டான், அப்பா முடியப் புடிச்சு இழுத்தா பொரையேறி இருமிட்டு மறுபடியும் முக்குவான். அதனால போன ஸ்பீக்கர்ல போட்டு வாளி பக்கத்துல வச்சு, "சொல்லுடி"ம்பா அம்மா. அஞ்சு எண்ணிட்டு வடிவு சொல்லுவா, போதும். தலையத் தூக்கி, சிரிச்சுக்கிட்டு, எத்தன எண்ணுனீங்க ஆசானேம்பான். நூறுன்னுவா. "ஜெயிச்சுட்டேன்!" அதோட அன்னிக்குக் கதை முடியும். ஆஸ்டல் மொட்டைமாடியில நின்னு, பஸ் ஸ்டாண்டுல நின்னு, ஒரு தடவ, மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு நடுவுல எந்திரிச்சு வெளிய போயி, நூறு, நூறு, நூறு. கூடப் படிக்கிற ஒருத்தன், யாரு வடிவு அந்த நாலரை மணி ஆளுன்னு கேலி பண்ணி, அதுக்கு அவ குடுத்த பதில்ல இன்னிக்கு வரைக்கும் அவன் இவகிட்டப் பேசுறதில்ல. இதுக்கெல்லாம் யாரு பொறுப்பு? ஒரு ஆளு இருக்கணும். எவனோ ஒருத்தன் எழுதுனதாலதான, எழாதேன்னு எழுதுனதாலதான. அந்த எவனோ இப்போ பத்துப் பேருக்கு அந்தப் பக்கம் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கான். பிரிச்சுப் பாரு வடிவுன்னு ஒரு நெனப்பு. பிரிக்காத. நடுவுல முதலை இருந்தா? ஈட்டி இருந்தா? ஒண்ணுமே இல்லாம, வெறும் தண்ணி மட்டும் நாலு பக்கத்துக்கு வரஞ்சிருந்தா? இருந்தாத்தான் என்ன, கேஸு கேஸுதான். ஆனா எதிர்த்தரப்பு ஆவணத்தப் படிக்காம எந்த வக்கீலும் கூண்டுக்கு முன்னாடி நிக்கமாட்டா. கண்ணாடித்தாள அவ பல்லால கடிச்சா. திண்டுக்கல்காரரு பதறிட்டாரு. "ஐயையோ, கவரப் பிரிச்சா மதிப்பு போயிரும்மா!" "போகட்டும்."

ஏழாம் பாடத்தப் புரட்டுனா, பழைய பக்க எண்ணு அப்படியே இருந்துச்சு. பதினஞ்சு. தண்ணிக்குள்ள வேங்கை. பதினாறு. அவன் மண்டைக்கு மேல யோசனைக் குமிழி, 'ஆசான் ஏன் இன்னும் சொல்லவில்லை?' அவ கையி ஈரமாயிருந்துச்சு, மையில பட்டுரும்னு பாவாடையில தொடச்சா, பாவாட இல்ல, ஜீன்ஸு, பாவாட அப்போ. பதினேழு. பக்கம் முழுக்க ஒரே படம், தண்ணியக் கிழிச்சுக்கிட்டு வேங்கை எந்திரிக்கிறான், வாயப் பொளந்து காத்த இழுக்கிறான். சொல்லு வராமலே எந்திரிக்கிறான். பதினெட்டு. 'எழச் சொன்னேனா?' 'இல்லை ஆசானே. என் மூச்சு சொன்னது.' 'ஆறு பாடங்களில் என் சொல்லைக் கேட்டாய். என் சொல்லை மீறுவதே ஏழாம் பாடம். உனக்கு முன் வந்த இருவர் என் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.' கடைசிக் கட்டம், ஆசானோட கை மட்டும், விரலு நீட்டிக் காட்டுது. ரெண்டு கல்லு. வடிவு மறுபடியும் படிச்சா. இருவர் காத்திருந்தார்கள். காத்திருந்து. சாமிக்கல்லு இல்ல, சமாதிக்கல்லு. அரளிப்பூ. சாமி காப்பாத்தும்ல ஆசானே. அந்த ரெண்டு கல்ல அவதான் வாய்க்கால்ல இருந்து பொறுக்கிட்டு வந்தா, உருண்டையா, ஒரே அளவா பாத்து. எந்திரிக்கலாம்னு எழுதியிருந்துச்சு. எழுதி, அச்சடிச்சு, ரெண்டு பின்னு அடிச்சு, எல்லாம் பண்ணித்தான் அனுப்பிருக்காங்க. எங்கயோ ஒரு வீட்டுல எவனோ மடிச்சு மடிச்சுப் படிச்சு, அந்தத் தாளு கழண்டு, கடலை மடிக்கப் போயிருச்சு. அவ்வளவுதான். கூண்டுல நின்ன ஆறடி ஆளு எறங்கிப் போயிட்டான். கூண்டு காலியா இருந்துச்சு. அதுல யாராச்சும் ஏறணும்ல. கறுப்பு வேட்டியோட ஒம்பது வயசுல ஒருத்தி படிகிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. அறுபத்தி எட்டா, அம்பத்தி எட்டா. கோவம் போயிருமோன்னு அவளுக்கு பயமா இருந்துச்சு. அது போனா, பதிமூணு வருஷமா அது நின்ன எடத்துல வேற என்ன வந்து நிக்கும்?

"பேரு சொல்லும்மா"ன்னாரு திருமேனி. அவ மேசைக்கு வந்துட்டா. திண்டுக்கல்காரரு கையெழுத்து வாங்கிட்டு ஓரமா நின்னு மை காயட்டும்னு ஊதிக்கிட்டு இருந்தாரு. "மாரீஸ்வரன்." "உன் பேராம்மா?" "எங்கண்ணன் பேரு." அவரு குனிஞ்சு எழுத ஆரம்பிச்சாரு, 'ரீ' வரைக்கும் வந்துட்டாரு. வரிசப்படுத்தி வச்ச கேள்வி ஒண்ணும் வரல, வேற ஒண்ணு வந்துச்சு. "சார், ரெண்டு பேரு செத்ததுக்கு அப்புறமும் மூணாவது ஆள முக்குனானே உங்க ஆசான், அவனுக்கு மனசே கெடையாதா? கையப் போட்டுத் தூக்க மாட்டானா?" பின்னாடி யாரோ சிரிச்சாங்க. திருமேனி நிமிந்து பாத்தாரு. "எதச் சொல்ற?" அவ பக்கத்த விரிச்சுக் காட்டுனா. கண்ணாடியத் தூக்கிவிட்டு, மூக்கு தாளுல ஒட்டுற மாதிரி படிச்சாரு, மொதத் தடவயா படிக்கிற மாதிரி. "ஓ. இதா. இது கதையில இல்லம்மா மொதல்ல. கதை இருபத்தெட்டுப் பக்கந்தான். அச்சாபீசுல முப்பத்தி ரெண்டு பக்கம் இருந்தாத்தான் தாளு வீணாகாதுன்னாங்க. இருபத்தாறு வயசு எனக்கு. மிச்சத்த வரஞ்சாச்சு, நடுவுல சொருகுறதுதான் சுலபம். ஆசான் போதும்பான், வேங்கை எந்திரிப்பான், அதான் நான் எழுதுனது. அந்தக் கல்லு ரெண்டும் படம் போட்டவரு சும்மா சாமிக்கல்லுன்னு போட்டாரு, அதுக்கு ஒரு காரணம் கட்டி நாலு பக்கத்த நெரப்பினேன்." அவரு புஸ்தகத்த அவ பக்கம் திருப்புனாரு. "ஏம்மா? தப்பா இருக்கா?" தப்பா இருக்கான்னு கேட்டாரு. பள்ளிக்கூடத்துப் பையன் நோட்ட நீட்டிக் கேக்குற மாதிரி கேட்டாரு. அரிசிப்பை உறைய அவ வெளிய எடுக்கவே இல்ல. "நான் எண்ணிக்கைய விட்டுட்டேன் சார்"ன்னா. "என்னம்மா?" "எண்ணிக்க விட்டுப்போச்சு. அறுபதுக்கு மேல. பின்னாடி போயி மறுபடி எண்ணுனேன்." பதிமூணு வருஷத்துல அது அவ வாயவிட்டு வெளிய வந்தது அந்த நீலத்துணி மேலதான், அதுவும் ஒண்ணும் வெளங்காத ஒரு மனுசன்கிட்ட. அவரு பேனாவ மூடி வச்சாரு. அப்போ போன் அடிச்சுச்சு. நாலரை.

"வடிவு, உக்காந்துட்டான், சீக்கிரம்"ன்னா அம்மா, தண்ணி ஊத்துற சத்தம். "அம்மா, அவன்கிட்டக் குடு. முக்குறதுக்கு முன்னாடி." "ஆசானே!"ன்னான் மாரீசு, அந்த முழு ஆம்பளக் கொரல்ல. "அண்ணே, கேளு. நடுவுல நாலு பக்கம் கெடச்சிருச்சுண்ணே." மாரீசு கேட்டான், "முதலையா?" "முதலை இல்ல. கேளு, வாசிக்கிறேன்." மேசைய விட்டு நகரணும்னு தோணல அவளுக்கு, அங்கயே குனிஞ்சு வாசிச்சா, மைக்கு சத்தத்துக்கு மேல, சத்தமா, மொட்டைமாடியில வாசிச்ச மாதிரியே கட்டம் கட்டமா விரல வச்சு. என் மூச்சு சொன்னது. மீறுவதே ஏழாம் பாடம். "கேட்டியாண்ணே? ஆசான் சொல்லவேண்டாமாம். நீயே எந்திரிக்கலாமாம். மூச்சு முட்டுனா எந்திரிச்சிரணும், அதான் பாடம்." வத்திராயிருப்புல ஒரு சொம்பு உருண்டுச்சு. "அது டூப்ளிகேட்டு"ன்னான் மாரீசு. "நம்ம புக்குல அப்படி இல்ல." "இல்லண்ணே, எழுதுனவரு இங்கதான் இருக்காரு, அவரே..." சொல்லிக்கிட்டே திருமேனியப் பாத்தா. அவரு சொன்னதுதான் காதுல கேட்டுச்சு, கதையில இல்லம்மா மொதல்ல. அண்ணன் சொல்றதுதான் சரி. அதுக்குள்ள வாளிச் சத்தம் கேட்டுருச்சு. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. "போதும்"ன்னா. தண்ணி வழியுற சத்தம், ஒரு நீள மூச்சு, சிரிப்பு. "எத்தன எண்ணுனீங்க ஆசானே?"

நூறுன்னு சொல்லிருக்கலாம். நாலாயிரம் தடவ சொன்ன சொல்லு, நாக்கு நுனியிலயே கெடந்துச்சு. திருமேனி பாத்துக்கிட்டு இருந்தாரு, திண்டுக்கல்காரரு ஊதுறத நிறுத்திட்டாரு. "தெரியலண்ணே"ன்னா வடிவு. "எண்ணிக்க விட்டுப்போச்சு. அன்னிக்கும் விட்டுப்போச்சு." அந்தப் பக்கம் அம்மா, "என்னடி சொல்ற?"ன்னா, "அன்னிக்குன்னா? என்னைக்கு?" மாரீசுக்கு அதெல்லாம் காதுல ஏறல. அவன் ஆசானுக்காக வருத்தப்பட்டான், அது அவன் கொரல்ல தெரிஞ்சுச்சு. "பரவால்ல ஆசானே. அழாதீங்க. மறுபடி எண்ணுங்க"ன்னு சொல்லிட்டு, நெஞ்சு நெறய காத்த இழுத்து, மூஞ்சிய வாளிக்குள்ள முக்குனான். வடிவு ஒண்ணுன்னு கூட ஆரம்பிக்கல. போன வாயோட ஒட்டி வச்சுக்கிட்டு, தகரக் கூரைக்குக் கீழ அத்தன பேரும் திரும்பிப் பாக்க, போதும், போதும்ணே, போதும்னு கத்திக்கிட்டே இருந்தா. தண்ணி வழியுற சத்தம் எப்போ வரும்னு.